தவணைக்கு ஏது ஊரடங்கு?

கொரோனா காலத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று தருமபுரி மாவட்ட வாசகர்களுக்கு அறிவித்திருந்தோம். இத்தனை வருஷத்தில் ஆறிப்போயிருக்கும் என்று பார்த்தால், கடிதங்கள் அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு வந்திருக்கின்றன. பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். மீதிப் பேரின் கடிதத்தில் கடன் விவரம் இருந்ததால் நாங்களே போடவில்லை.

கே: தமிழ்நாடே கொரோனாவில் தவித்தபோது தருமபுரியை மட்டும் அது கடைசிவரை தொடவில்லையே, ராகிக் களியின் மகிமைதானே?
— ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ., காரிமங்கலம்

ப: மே மாதமும் அதே களியைத்தானே தின்றோம், அப்போது மகிமை எங்கே போனது?

2020 ஏப்ரல் பிற்பாதி வரை தருமபுரியும் கிருஷ்ணகிரியும் பூஜ்ஜியத்தில் இருந்தது உண்மை. அந்த மாதக் கடைசியில் மத்திய அரசு வெளியிட்ட வண்ணப் பட்டியலில் தமிழ்நாட்டுக்கு ஒரே ஒரு பச்சை மண்டலம்; அது கிருஷ்ணகிரி. நாம் அதற்குள் ஆரஞ்சுக்கு மாறியிருந்தோம். வெளிநாட்டிலிருந்து நேராக வந்து இறங்க இங்கே விமான நிலையம் கிடையாது. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் நூற்றுக்குப் பதினேழு பேர்தான் நகரவாசி. இத்தனை வருஷமாகப் பின்தங்கிய மாவட்டம் என்று நம்மைத் திட்டிய அதே காரணங்கள், ஒரு மாதம் நம்மைக் காப்பாற்றின.

ஆனால் வேலையிழப்புக்கு விமான நிலையம் தேவைப்படவில்லை. மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 போட்டார்கள்; அன்றிரவே நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு என்று அறிவித்தார்கள். ஒரு நோயாளிகூட இல்லாத மாவட்டத்தில் மறுநாள் காலையில் எல்லாருக்கும் கூலி நின்றது. மற்ற ஊர்களில் நோய் வந்தது, பின்னாலேயே பஞ்சம் வந்தது. நமக்கு முறை மாறி வந்தது.

கே: பெங்களூரிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தோம். டி.வி.யில் பீகார்காரர்களைக் காட்டினார்கள், ஒடிசாக்காரர்களைக் காட்டினார்கள். எங்களை ஏன் ஒருத்தரும் காட்டவில்லை?
— கட்டட மேஸ்திரி, பென்னாகரம்

ப: நீங்கள் ரயிலில் வரவில்லை, மேஸ்திரி. மே 1 முதல் தொழிலாளர்களுக்கென்று ஓடிய ஷ்ரமிக் ரயில்களில் ஏறியவர்களை எண்ண முடிந்தது, படம் பிடிக்க முடிந்தது. நீங்கள் ஓசூர் நெடுஞ்சாலையில் ஜூஜூவாடி செக்போஸ்ட்டைச் சுற்றிக்கொண்டு, கிடைத்த லாரியில் ஏறி, மிச்சத்தை நடந்து வந்தவர். எந்தக் கணக்கில் உங்களை எழுதுவது?

இது கிண்டல் இல்லை. 1979-ஆம் வருஷமே மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர்களுக்கென்று ஒரு சட்டம் வந்துவிட்டது. ஒப்பந்தக்காரர் மூலம் போனவர்களுக்கு, பதிவேட்டில் பெயர் இருந்தால், அது அப்போது பொருந்தியது. பென்னாகரத்து ஆள் பெங்களூருக்குப் போவது பதிவேட்டிலா? மச்சான் போன் பண்ணுவான், “திங்கக்கிழமை சென்ட்ரிங் வேலை இருக்கு, வா” என்பான். அதோடு ஒப்பந்தம் முடிந்தது. சனிக்கிழமை கூலி வாங்கி ராத்திரி பஸ்ஸில் ஊர் வந்து, ஞாயிறு கறி எடுத்து, திங்கள் விடியலில் திரும்பவும் கிளம்புகிற ஆளைப் ‘புலம்பெயர்ந்தவர்’ என்றால் அவரே சிரிப்பார். 140 கிலோமீட்டருக்குள் இருக்கிற ஊரை யாரும் வெளியூர் என்றே நினைப்பதில்லை. பஸ் நின்ற அன்றைக்குத்தான் அது வேறு மாநிலம் என்று தெரிந்தது.

அதிலும் ஒரு கூத்து. 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும், அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் இலவசமாகக் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அட்டை இருந்தது பென்னாகரத்து ரேஷன் கடையில், குடும்பத்தோடு போனவர்களின் வயிறு இருந்தது பெங்களூர் ஷெட்டில். எந்த மாநில அட்டையானாலும் எந்தக் கடையிலும் வாங்கலாம் என்கிற திட்டம் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது அக்டோபர் 1-இல். அதற்குள் நீங்கள் வந்து சேர்ந்து, பாதம் ஆறி, திரும்பவும் போயிருப்பீர்கள்.

ஊர் திரும்பும் வழியில் எத்தனை பேர் செத்தார்கள் என்று 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். அப்படி ஒரு தகவல் தொகுப்பு இல்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிவு செய்ய இ-ஷ்ரம் தளம் திறந்தது 2021 ஆகஸ்ட் 26. பதிந்துவிட்டீர்களா? மச்சானிடமும் சொல்லுங்கள்.

கே: டாஸ்மாக்கை மே 7-ஆம் தேதியே திறந்தார்கள். சாமியைப் பூட்டியே வைத்தார்கள். இது அடுக்குமா?
— பூசாரி, பாப்பிரெட்டிப்பட்டி

ப: சாமி கலால் வரி கட்டுவதில்லையே. முழு விவரமும் சொல்லிவிடுகிறேன், பாவம் டாஸ்மாக்கும் கொஞ்சம் அலைந்தது. மே 7 திறப்பு, 8-இல் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, 15-இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது, 16-இல் மறுபடி திறப்பு. பெரிய கோயில்களுக்குச் செப்டம்பர் 1-இல்தான் கதவு திறந்தது. சாமிகளுக்காக யாரும் உச்ச நீதிமன்றத்துக்கு இத்தனை வேகமாக ஓடவில்லை.

கே: சென்னையில் தக்காளி விலை ஏறிக் கிடக்கிறது என்று செய்தியில் சொல்கிறான். அதே நாளில் நான் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் தோட்டத்திலேயே விட்டேன். நடுவில் சாப்பிட்டது யார்?
— தக்காளி விவசாயி, பாலக்கோடு

ப: இந்த முறை யாருமே சாப்பிடவில்லை என்பதுதான் சிக்கல். ஹோட்டல், ஹாஸ்டல், கல்யாண மண்டபம் மூன்றும் மூடினால் பெட்டி பெட்டியாக வாங்குகிற கை போய்விடுகிறது. வீட்டுக்காரம்மா அரைக் கிலோதான் வாங்குவார். அந்த அரைக் கிலோவை அவர் தெருவரை கொண்டுசேர்க்க வழியில்லாததால் அங்கே விலை ஏறியது. காய்கறி லாரிக்குத் தடை இல்லை என்று உத்தரவு இருந்தது. லாரிக்காரர் வழியில் சாப்பிடும் கடைக்கும், பஞ்சர் ஒட்டும் கடைக்கும், மூட்டை இறக்குகிறவர் வீட்டிலிருந்து மண்டிக்கு வரும் பஸ்ஸுக்கும் அந்த உத்தரவில் இடமில்லை. போதாக்குறைக்குச் சென்னையின் கோயம்பேடு சந்தை மே 5-இல் மூடி, திருமழிசைக்குப் போனது. ஏற்றுமிடம் இருந்தது, இறக்குமிடம் இல்லை.

இன்னொன்றும் கேளுங்கள். 2020 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் நாட்டின் உற்பத்தி ஏறக்குறைய 24 சதவீதம் விழுந்ததாக முதல் கணிப்பு சொன்னது. விழாத துறை ஒன்றே ஒன்று: விவசாயம், 3.4 சதவீத வளர்ச்சி! பொருளாதாரத்தைத் தாங்கிப் பிடித்தவர் என்று உங்களைப் பாராட்டினார்கள். நிலையான விலையில் போடுகிற கணக்கு அது. விளைந்ததைச் சொல்லும், நீங்கள் வாங்கிய விலையைச் சொல்லாது. நீங்கள் ஏரிக்கரையில் கொட்டிவிட்டு வந்த தக்காளி அந்த 3.4-இல் சேர்ந்ததா இல்லையா என்று கேட்டு எனக்கு எழுதாதீர்கள். இரண்டு பேருக்குமே தூக்கம் போகும்.

கே: கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று சட்டம் போட்டது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று! அதையே நிரந்தரமாக்கினால் என்ன?
— மூன்று பெண்களைப் பெற்றவர், நல்லம்பள்ளி

ப: உங்கள் பீரோ நிம்மதி அடைந்தது, சரி. பந்தல்காரர், மேளக்காரர், சமையல் மாஸ்டர், அவர் கூட வரும் எடுபிடிகள், சாமந்தி போட்டவர் என்று அத்தனை பேருக்கும் ஒரு முகூர்த்தம் என்பது ஒரு மாதத்துச் சாப்பாடு. தருமபுரி பட்டுக்கூடு அங்காடி வரைக்கும் அது இழுக்கும். கல்யாணம் சுருங்கினால் சேலை நிற்கும், சேலை நின்றால் தறி நிற்கும், தறி நின்றால் மல்பெரி வைத்தவர் வாசலில் நிற்பார்.

மலிவுக் கல்யாணத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அதைக் கீழே ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார். அந்தப் பதிலைப் படித்துவிட்டு நிரந்தரச் சட்டத்தைப் பற்றிப் பேசுவோம்.

கே: பள்ளி திறந்த அன்றைக்கு வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டேன். சில பெண்களுக்குப் பதிலாகப் பக்கத்துப் பெஞ்சுக்காரிகள் சொன்னார்கள்: “அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு டீச்சர்.” இதற்கு யாரைக் கேட்பது?
— அரசுப் பள்ளி ஆசிரியை, அரூர் வட்டம்

ப: ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 2020 மார்ச்சில் எட்டாம் வகுப்பு, வயது பதின்மூன்று. தேர்வில்லாமல் ஒன்பதுக்குப் போனாள். அந்த வருஷம் பூராவும் வீட்டில். 2021 பிப்ரவரியில் சில வாரம் பள்ளி திறந்து, மார்ச்சில் திரும்ப மூடியாயிற்று. தேர்வில்லாமல் பத்துக்குப் போனாள். செப்டம்பர் 1-இல் நீங்கள் பெயர் கூப்பிடும்போது அவளுக்குப் பதினைந்து. ஒன்றரை வருஷம் அவள் வீட்டிலேயே வளர்வதைச் சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எங்கள் பக்கத்துச் சொந்தங்களுக்கு இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்?

கல்வித் தொலைக்காட்சி இருந்தது, ஆன்லைன் வகுப்பும் இருந்தது. வீட்டில் போன் ஒன்று. அது அப்பா சட்டைப் பையில் வேலைக்குப் போனது. சித்தேரியிலும் வத்தல்மலையிலும் போன் இருந்தவருக்கு சிக்னல் இல்லை. தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் கடைசி மாவட்டம் நாம், 2011-இல் 68.5 சதவீதம். இங்கே ஒரு பெண் பத்தாவது வருவதற்குள் அம்மாவும் ஆசிரியையுமாக எத்தனை பேரிடம் வாதாடியிருப்பார்கள். அந்த வாதத்தில் உங்கள் கட்சியின் பலமான சாட்சி, தினமும் காலையில் அடிக்கும் பள்ளி மணி. அது நின்றது, மறுபக்கத்துக்குச் செலவும் குறைந்தது. மண்டபம் வேண்டாம், ஊர் கூட்ட வேண்டாம், சாப்பாடு 50 இலைக்குப் போதும். கடன் ஏறுகிற வீட்டில் ‘இப்போதே முடித்துவிடலாம்’ என்று தோன்றக் கேட்க வேண்டுமா? பந்தலில் தலையை எண்ணிய அதிகாரி, மணப்பெண்ணின் வயதையும் கேட்டிருக்கலாம்.

இது நம் மாவட்டத்துக்கு மட்டும் வந்த கேடும் இல்லை. பெருந்தொற்றால் உலகம் முழுக்கப் பத்தாண்டில் கூடுதலாக ஒரு கோடிக் குழந்தைத் திருமணம் நடக்கக்கூடும் என்று 2021 மகளிர் தினத்தன்று யூனிசெஃப் எச்சரித்தது.

யாரைக் கேட்பது என்றீர்கள். நடக்கப் போவது தெரிந்தால் 1098, அல்லது மாவட்ட சமூக நல அலுவலகம். 2006-ஆம் வருஷச் சட்டப்படி நடத்திவைத்தவருக்கும் இரண்டு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம் உண்டு. நடந்துவிட்டது என்றால் அந்தப் பெண்ணைத் திரும்பப் பள்ளிக்குக் கூப்பிடுங்கள். தாலியோடு வரக்கூடாது என்று எந்தப் பள்ளி விதியும் இல்லை. அவள் வகுப்பில் உட்கார்ந்தால் மற்ற பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று யாராவது சொன்னால், அவர்களை என்னிடம் அனுப்புங்கள்.

கே: ‘வொர்க் ஃப்ரம் ஹோம்’ என்றார்களே, நம் ஊரில் யாருக்குக் கிடைத்தது?
— கல்லூரி மாணவர், தருமபுரி

ப: உங்கள் அம்மாவுக்கு. சம்பளம் முன்பு போலவே பூஜ்ஜியம். கூடுதலாக நீங்களும் அப்பாவும் பகல் முழுக்க வீட்டில்.

கே: ஆறு மாதம் தவணை கட்ட வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னதாம். எங்கள் குழுவுக்கு வாரா வாரம் ஆள் வந்து நின்றாரே. ரிசர்வ் வங்கி அவருக்குச் சொல்லவில்லையா?
— மகளிர் குழு உறுப்பினர், நல்லம்பள்ளி

ப: சொன்னது; 2020 மார்ச் 27-இல் மூன்று மாதம், பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டிப்பு. ஆனால் அது ‘அனுமதி’. கடன் கொடுத்த நிறுவனம் விரும்பினால் அவகாசம் கொடுக்கலாம் என்றுதான் வாசகம். யார் விரும்புவார்? உங்கள் குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. அதனால் வசூலிக்க வந்தவர் ஒருவர்தான், கேட்டு நின்றவர்கள் அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும். ஊரடங்கில் போலீசுக்குப் பயந்து தெருவில் கால் வைக்காதவர்கள்கூடப் பக்கத்து வீட்டுத் தவணைக்காகத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

கொஞ்சம் கணக்குப் போடலாமா, அக்கா? 30,000 ரூபாய் பாக்கி, வட்டி வருஷத்துக்கு 24 சதவீதம் என்று வையுங்கள். ஆறு மாதம் கட்டவில்லை. தள்ளிவைத்தது தவணையை, வட்டியை இல்லை. தனி வட்டி மட்டும் 3,600 ரூபாய் ஏறும். வட்டிக்கு வட்டி போட்டால் 3,785. இந்த வட்டிக்கு வட்டியை எதிர்த்து வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், கடைசியில் மத்திய அரசு இரண்டு கோடி வரையிலான பல வகைக் கடன்களுக்கு அந்தக் கூடுதலை மட்டும் தானே ஏற்றது. நம் கணக்கு அந்தத் திட்டத்துக்குள் வந்திருந்தால் கிடைத்திருப்பது 185 ரூபாய். பத்திரிகைகளில் ‘வட்டிச் சலுகை’ என்று எட்டுப் பத்தித் தலைப்பு. 185 அவர்கள் பங்கு, 3,600 உங்கள் பங்கு.

காய்ச்சல் பதினான்கு நாளில் போனது. இது போகாத ஜுரம். இந்தக் கடனை அடைக்க அந்தக் கடன், அதற்குத் தோடு அடகு. 2021-இல் கூட்டுறவு நிறுவனங்களில் வைத்த ஐந்து பவுன் வரையிலான நகைக்கடனை மாநில அரசு, நிபந்தனைகளோடு, தள்ளுபடி செய்தது. கூட்டுறவில் வைத்தவர்களில் தகுதி பெற்றவருக்கு நகை வந்தது. அவசரத்துக்குத் தெருமுனை அடகுக் கடைக்கு ஓடியவர்களுக்கு ரசீது மிஞ்சியது. வீடேறி மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது 2025-இல். அடுத்த முறை ஆள் வந்தால், அப்படி ஒரு சட்டம் இருக்கிறதாமே என்று சும்மா விசாரியுங்கள். தண்ணீர் கொடுத்துவிட்டே விசாரிக்கலாம்.

கே: காவிரியில் வெள்ளம் வந்தால் பரிசலுக்குத் தடை. கொரோனா வந்தாலும் தடை. எப்போதுதான் ஓட்டுவது?
— பரிசல் ஓட்டி, ஒகேனக்கல்

ப: வெள்ளம் நல்லது, ஒரு வாரத்தில் வடிந்துவிடும். உங்களுக்கு நேர்ந்ததில் இன்னொரு வகை அநியாயமும் உண்டு. நலவாரியத்தில் பதிந்த கட்டடத் தொழிலாளி, ஆட்டோ ஓட்டுநர் போன்றவர்களுக்கு ரேஷன் உதவிக்கு மேல் தனியாகவும் கொஞ்சம் பணம் வந்தது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுபவருக்கும், மீன் வறுத்துத் தரும் அம்மாவுக்கும், துணி மாற்ற மறைப்புக் கட்டி நிற்கும் பாட்டிக்கும் எந்த வாரியம்? ஒகேனக்கல் என்றால் ஆறு, பாறை, டிக்கெட் கவுண்டர் என்று அரசு நினைக்கிறது. வருகிறவன் நினைவில் நிற்பது அந்த வறுத்த மீன்.

கே: என் மகன் பி.இ., கையில் மண்வெட்டியோடு 100 நாள் வேலைக்கு என்னோடு வந்தான். ஊரே பார்த்துச் சிரித்தது.
— தாய், பாப்பாரப்பட்டி

ப: சிரித்தவர்கள் மறுவாரம் அட்டை கேட்டுப் பஞ்சாயத்து ஆபீசில் நின்றிருப்பார்கள். 2020 பட்ஜெட்டில் 61,500 கோடி ஒதுக்கிய திட்டத்துக்கு மேலும் 40,000 கோடி சேர்க்க வேண்டிவந்தது, அத்தனை கூட்டம். தமிழ்நாட்டில் நாள் கூலி 229-லிருந்து 256 ஆனது. வேலையை அளந்து போட்டால் அதுவும் முழுசாகக் கைக்கு வராது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் பெங்களூர்ப் பணம் நின்ற மாதங்களில் வீட்டுக்கு வந்த ஒரே பணம் உங்கள் கணக்கில் விழுந்தது. மகனிடம் அதை அப்போதே சொல்லிக்காட்டியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கே: உண்மையில் எத்தனை பேர் இறந்தார்கள்? ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள்.
— மருந்துக்கடைக்காரர், மொரப்பூர்

ப: தமிழ்நாட்டில் அரசுக் கணக்கு சுமார் 38,000. நாடு முழுக்க 2021 முடிவு வரை அரசுக் கணக்கு 4.8 லட்சம், உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு 47 லட்சம், ஏறக்குறைய பத்து மடங்கு. கணக்கிட்ட முறையே தவறு என்று இந்திய அரசு மறுத்தது.

எண்ணில் என்ன இருக்கிறது என்பீர்கள். பணம் இருக்கிறது. கொரோனா மரணத்துக்கு 50,000 ரூபாய் நிவாரணம் என்றால், பரிசோதனை முடிவோ மருத்துவமனைச் சீட்டோ வேண்டியிருந்தது. 2021 மே மாதத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே வீட்டில் இறந்து, மறுநாள் காலையில் எரித்துவிட்ட கிராமத்துக் கிழவருக்கு எந்தச் சீட்டு? பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைக்கு ஐந்து லட்சம் வைப்புத்தொகை, ஒருவரை இழந்த குழந்தைக்கு மூன்று லட்சம் என்று தமிழ்நாடு கொடுத்தது பெரிய உதவி. அதற்கும் அந்தச் சீட்டுதான் சாவி.

நூறு வருஷத்துக்கு முன்னால் இன்ஃபுளூயன்ஸா வந்தபோது தருமபுரி சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. 1911-க்கும் 1921-க்கும் நடுவில் இந்திய மக்கள்தொகை கூடாமல் குறைந்தது. அந்த ஒரு பத்தாண்டில் மட்டும்தான் அப்படி. அது நமக்கு எப்படித் தெரியும்? பிளேக்கும் காய்ச்சலும் போரும் பார்த்த பிறகும் வெள்ளைக்காரன் 1921-இல் வீடு வீடாகப் போய் எண்ணினான். நாம் 2021 கணக்கெடுப்பைத் தள்ளிவைத்தோம். 1881-லிருந்து விட்டுப்போகாத தொடர் அறுந்தது. அடுத்தது 2027-இல். பென்னாகரத்து மேஸ்திரிக்கு ஒரு வேண்டுகோள்: கணக்கெடுக்கிற அம்மா வரும்போது வீட்டில் இருங்கள்.

கே: என் பையன் 2020-இல் தேர்வில்லாமல் பத்தாவது பாஸ் ஆனவன். வேலை கேட்டுப் போன இடத்தில் மேனேஜர் “ஓ, கொரோனா பாஸா?” என்று சிரித்தாராம். என்ன பதில் சொல்லச் சொல்வது?
— டீக்கடைக்காரர், பாலக்கோடு

ப: அதே 2020-இல் ஆறு மாதத் தவணை நிறுத்தமும், சிறு நிறுவனங்களுக்கு மூன்று லட்சம் கோடி ரூபாய் வரை அரசு உத்தரவாதத்தில் கடனும் கொடுத்தார்கள். உங்கள் கம்பெனி எந்தப் பரீட்சை எழுதி அதை வாங்கியது சார் என்று கேட்கச் சொல்லுங்கள். வேலை கிடைத்த பிறகு கேட்கட்டும்.